எடைச்சீட்டின் பின்பக்கம்: ஒரு அரிசி ஆலையில் நடந்த விசாரணை

புகார் எங்கள் கைக்கு வந்தபோது ஒரு தாளும் 14 எடைச்சீட்டுகளும் இருந்தன. தாளில் எட்டே வரி. சீட்டுகளின் பின்பக்கம் ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதிய ஒரே ஒரு சொல். ஏழு சீட்டில் ‘பேச்சு’. ஐந்தில் ‘கை’. இரண்டில் ‘கதவு’. இந்த மூன்று சொற்களையும் ஒழுங்காகப் படிக்க எங்கள் குழுவுக்கு இரண்டு மாதம் பிடித்தது.

இடம், காவிரி டெல்டாவில் ஒரு நவீன அரிசி ஆலை. ஊரையும் ஆண்டையும் சொல்லப்போவதில்லை. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, புகார் கொடுத்தவர், புகாருக்கு ஆளானவர், சாட்சிகள் என யாருடைய அடையாளமும் வெளியே போகக் கூடாது என்கிறது. அதனால் நான் உட்கார்ந்த இரண்டு விசாரணைகளைக் கலந்து, ஆளும் ஊரும் தெரியாதபடி மாற்றி எழுதியிருக்கிறேன். புகார் கொடுத்த பெண்ணுக்கு இதை வாசித்துக் காட்டினேன். “ஊசி விஷயத்தையும் எழுதுங்க டீச்சர்” என்றார். எழுதியிருக்கிறேன்.

போர்டில் இருந்த கமிட்டி

இந்தச் சட்டப்படி புகார்களை விசாரிக்க ஆலைக்குள்ளேயே அமைக்கும் உள்ளகப் புகார் குழுவில் நான் வெளி உறுப்பினர், அதாவது ஆலையில் வேலை பார்க்காதவள். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகளிர் குழுக்களோடு சுற்றிக்கொண்டிருப்பவள். வக்கீல் இல்லை. எங்கள் பக்கம் இந்தக் குழுவை யாரும் அதன் பெயரால் சொல்வதில்லை, ‘விசாகா கமிட்டி’ என்பார்கள். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி என்ற அரசுத் திட்டப் பணியாளரை 1992இல் கூட்டு வன்புணர்வு செய்தார்கள். அதைத் தொடர்ந்து விசாகா என்ற பெண்கள் அமைப்பும் மற்றவர்களும் போட்ட வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1997 ஆகஸ்ட் 13 அன்று வழிகாட்டு நெறிகளைத் தந்தது. சட்டமாக வர இன்னும் 16 வருஷம் ஆனது. பன்வாரி தேவிக்கு அது நேர்ந்தது ஏசி போட்ட ஆபீசில் இல்லை, வயலில். டெல்டாக்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆலையில் கமிட்டி வந்த கதை வேறு. வெளிமாநிலத்துக்கு அரிசி எடுக்கும் ஒரு கம்பெனி, கமிட்டி இருக்கிறதா என்று படிவம் அனுப்பியது. முதலாளியின் மகன் இரண்டே நாளில் போர்டு எழுதி மாட்டிவிட்டார். தலைவர் இடத்தில் அவருடைய அம்மா பெயர். அந்த அம்மா ஆயுதபூஜைக்கு மட்டும் ஆலைக்கு வருபவர். சட்டப்படி, அங்கே வேலை பார்க்கும் மூத்த நிலைப் பெண் ஒருவர்தான் தலைமை ஏற்க வேண்டும். வெளி உறுப்பினர் இடத்தில் என் பெயர். தெரிந்தவர் ஒருவர் கேட்டார், சரி என்றேன். ‘புகார் ஏதுமில்லை’ என்ற ஆண்டறிக்கையில் இரண்டு வருஷம் கையெழுத்துப் போட்டேன். ஆலைக்குள் கால் வைத்ததே இல்லை. முதல் தப்பு என்னுடையது.

(வெளி உறுப்பினருக்கு விதிப்படி நாளொன்றுக்கு 200 ரூபாய் படி. 2025இல் 100 நாள் வேலைக்கே கூலி 336 ரூபாய். படிக்காக யாரும் இதற்கு வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் போர்டில் பெயர் இருந்தால் போதும் என்று வருபவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் வந்தேன்.)

போர்டு மாட்டும் முன்பே அங்கே ஒரு பேச்சு ஓடியிருக்கிறது. சம்பளப் பதிவேட்டில் எட்டுப் பேர்தானே இருக்கிறார்கள், பத்துப் பேராவது இருந்தால்தானே கமிட்டி என்று. எட்டுப் பேர் ஆபீஸ் ஆட்கள். பேக்கிங் ஷெட்டில் மேஸ்திரி கொண்டுவந்த 14 பெண்கள் உண்டு, லோடுமேன்கள் 20 பேருக்குக் குறையாது, களத்தில் நெல் கிளற ஆள் தனி. சட்டம் ‘ஊழியர்’ என்பதில் தினக்கூலி, தற்காலிகம், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர், பயிற்சிக்கு வந்தவர் எல்லோரையும் சேர்த்தே எண்ணுகிறது. குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் அதே தப்பு என்றால் அபராதம் இரட்டிப்பாகும், உரிமமே ரத்தாகலாம். உரிமம் என்று சொன்னதும் எட்டுப் பேர் கணக்கு நின்றுபோனது.

எடைமேடை அறை

அந்தப் பெண்ணுக்கு 24 வயது, பி.காம். எடைமேடையில் சீட்டுப் போடும் வேலை, மாதம் 11,000 ரூபாய். அறை எட்டடிக்கு ஆறடி. ஒரு கம்ப்யூட்டர், பிரின்டர், எடை காட்டும் பெட்டி, டிரைவர் கை நீட்ட ஒரு சின்ன ஜன்னல். உமித் தூசி மெஷினுக்கு ஆகாது என்று கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். உள்ளே ஏசி ஓடும். அதனால் பேக்கிங் பெண்கள் அதைச் சொகுசு வேலை என்பார்கள்.

வேலை இப்படி. நெல் லாரி மேடையில் ஏறியதும் மொத்த எடை. கிடங்கில் இறக்கிவிட்டுத் திரும்பினால் வெறும் வண்டி எடை. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் நெல். சீட்டு மூன்று பிரதி வரும்: டிரைவருக்கு, கிடங்குக்கு, ஆபீசுக்கு. ஒவ்வொன்றிலும் தேதி, மணி, நிமிஷம், வண்டி எண், வரிசை எண் விழும். கிழிந்துபோன சீட்டைத் திரும்ப அடித்தாலும், தப்பான சீட்டைத் திருத்தி அடித்தாலும் ‘மறுபிரதி’ என்று கம்ப்யூட்டரே போட்டுவிடும். கிடங்குப் பிரதியை வாங்க ஒரு பையன் ஜன்னலுக்கு வருவான். கதவைத் திறந்துகொண்டு யாரும் உள்ளே வரவேண்டிய வேலையே இல்லை. இதை நான் தெரிந்துகொண்டது விசாரணையின் மூன்றாம் வாரத்தில்தான். வெட்கமாக இருக்கிறது.

கிடங்கு சூப்பர்வைசர் முதலாளிக்கு மச்சான் முறை. 18 வருஷ அனுபவம். நாலு நெல்லைக் கடித்தே ஈரப்பதம் சொல்லிவிடுவார் என்று பெயர். குறுவை நெல் வரத் தொடங்கிய அக்டோபரில் முதலில் பேச்சு. “நீயும் நம்ம ஆலை அரிசியாட்டம் பாலிஷாயிட்டே வர்றே.” சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அப்புறம் சீட்டு வாங்கும் சாக்கில் விரலைப் பிடிப்பது, திரையைப் பார்ப்பதுபோல் நாற்காலிக்குப் பின்னால் வந்து தோளில் கை வைப்பது. ராத்திரி பத்தே முக்காலுக்கு ‘சாப்பிட்டியா’ என்று வாட்ஸ்அப். சம்பா நெல் வந்து குவியும் தை, மாசியில் இரண்டு நாள் கதவுக்குத் தாழ் போட்டார். இரண்டாம் முறை சொன்னது புகாரில் அப்படியே இருந்தது: அனுசரித்துப் போனால் சம்பளத்தில் 2,000 கூட்டச் சொல்கிறேன், இல்லையென்றால் களத்துக்குப் போய் நெல் கிளறு.

தொடுவது, பாலியல் இச்சைக்கு இணங்கக் கேட்பது, இரட்டை அர்த்தத்தில் பேசுவது, ஆபாசப் படம் காட்டுவது, இவை போன்ற விரும்பத்தகாத வேறு நடத்தை. சட்டத்தின் பட்டியல் இவ்வளவுதான். இதோடு வேலையில் சலுகை தருகிறேன் என்பதும், வேலையைக் கெடுத்துவிடுவேன் என்பதும் சேர்ந்தால் அதையும் 3ஆம் பிரிவு தனியே சொல்கிறது. அவர் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சொல்லியிருந்தார்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். அண்ணன் அதே ஆலையில் லோடுமேன். அப்பாவின் ஆபரேஷனுக்கு வாங்கிய முன்பணம் 30,000 ரூபாய் கணக்கில் நிற்கிறது, வேலையை விட்டால் அன்றைக்கே வைக்க வேண்டும். வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் காலனியிலிருந்து வருபவர், சூப்பர்வைசர் ஊர்த்தெரு. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

பேக்கிங் ஷெட்டில் சாக்குத் தைக்கும் ஒரு அக்கா இருந்தார், 50 வயதுக்காரர். அவரிடம் மட்டும் ஜாடையாகச் சொல்லியிருக்கிறார். அக்கா ஒரு கோணி ஊசியைக் கொண்டுவந்து கொடுத்தார். “பாப்பா, இத மேசை மேலயே வையி. கண்ணுல படட்டும்.” உள்ளங்கை நீளம், நுனி லேசாக வளைந்து தட்டையாக இருக்கும். அந்தப் பெண் அதைப் பேனா டப்பாவில், நுனி வெளியே தெரிய, நிறுத்தி வைத்திருந்தார். அடிப்பகுதியில் இன்னும் கொஞ்சம் சணல் நூல் கோத்திருந்தது. போர்டு சுவரில் இருந்தது. அந்த ஆலையில் உண்மையிலேயே இருந்த தடுப்பு ஏற்பாடு இந்த ஊசி ஒன்றுதான்.

‘உன் பாதுகாப்புக்குத்தான்’

கடைசிச் சீட்டின் தேதி மார்ச் 6. மறுநாள் கணக்குப் பார்க்கும் அம்மாவிடம் அழுதிருக்கிறார். அவர் முதலாளியின் மகனிடம் சொன்னார். மகன் கெட்டவர் இல்லை, பதறிப்போனார். பதற்றத்தில் செய்த காரியம், மூன்றாம் நாள் அந்தப் பெண்ணை பேக்கிங் ஷெட்டுக்கு மாற்றியது. உன் பாதுகாப்புக்குத்தான் என்றார். மாதச் சம்பளம் தினக்கூலி ஆனது. சூப்பர்வைசர் இருந்த இடத்திலேயே இருந்தார். ஆலை முழுக்க ஒரே கேள்வி ஓடியது: அந்தப் பொண்ணு என்ன தப்புப் பண்ணுச்சு, கீழே இறக்கிட்டாங்க?

நான் பார்த்தவரை இந்த ஒரு காரியம்தான் நிறைய இடங்களில் புகாரைக் கொன்றுவிடுகிறது. விசாரணை நடக்கும்போது இடமாற்றமோ, மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்போ தரச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அது அந்தப் பெண் எழுத்தில் கேட்டு, குழு பரிந்துரைத்து நடக்க வேண்டியது. மாற்றப்படுபவர் புகாருக்கு ஆளானவராகவும் இருக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. அந்தப் பாதி யார் கண்ணிலும் படுவதில்லை.

அன்று சாயங்காலம் மகன் எனக்குப் போன் செய்தார். “சின்ன விஷயம் டீச்சர், நாங்களே பேசி முடிச்சுட்டோம்.” நான் “சரி தம்பி” என்றேன். இது என் இரண்டாவது தப்பு, முதலாவதைவிடப் பெரியது. எடைமேடை வாசலில் ஒரு கேமரா உண்டு. அதன் பதிவு 15 நாளில் அழிந்து மேலே புதிது ஏறிவிடும். அன்றைக்கே ‘பதிவை எடுத்து வையுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பின்னால் அந்தப் பெண்ணிடம் அத்தனை கேள்வி கேட்டிருக்க வேண்டாம்.

ஏப்ரலில் முதலாளி வீட்டுத் திண்ணையில் சமாதானம் பேசினார்கள். பெண்ணைக் கூப்பிடவில்லை, அண்ணனைக் கூப்பிட்டார்கள். 25,000 ரூபாய் தருவது, முன்பணத்தைத் தள்ளுபடி செய்வது, விஷயத்தை விட்டுவிடுவது. சமரசம் என்பது அந்தப் பெண்ணே கேட்டால்தான் உண்டு, பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது என்பது 10ஆம் பிரிவு. அண்ணன் தலையாட்டிவிட்டு வந்தார். தங்கை மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

பேக்கிங் ஷெட்டுக்கு மாற்றியதில் முதலாளி எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சாக்குத் தைக்கும் அக்காவின் பக்கத்திலேயே உட்கார இடம் கிடைத்தது. ஜூன் 2 அன்று இருவரும் சேர்ந்து வந்து புகார் கொடுத்தார்கள். அந்தப் பெண் பின்பக்கம் எழுதி வைத்திருந்த அந்த 14 சீட்டையும் ஆபீஸ் பிரதிக் கட்டிலிருந்து உருவித் தந்தது கணக்குப் பார்க்கும் அம்மா. அக்காவுக்கு எழுதத் தெரியாது. நான்கு வருஷத்துக்கு முன் தனக்கும் இதே ஆளால் நேர்ந்ததைச் சொன்னார். எழுத முடியாதவருக்கு எழுதித் தருவது குழுவின் கடமை. எழுதினோம், வாசித்துக் காட்டினோம், கைநாட்டு வாங்கினோம். அவருடையது காலம் கடந்த புகார், தனியாக விசாரிக்க முடியாது. சாட்சியமாகப் பதிந்துகொண்டோம்.

காலக் கணக்கில் முதலாளி தரப்பு உடனே பிடித்துக்கொண்டது. அக்டோபரில் நடந்ததற்கு ஜூனில் புகாரா, மூன்று மாதம்தானே கெடு என்றார்கள். தொடர்ச்சியாக நடந்திருந்தால் கெடு கடைசிச் சம்பவத்திலிருந்துதான் ஓடும். மார்ச் 6க்கு ஜூன் 6. நாலு நாள் மிச்சம் இருந்தது. அது தாண்டியிருந்தாலும், தக்க காரணம் இருந்தால் எழுதி வைத்துவிட்டு இன்னொரு மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம்.

விசாரணை

முதல் வேலையாக போர்டைக் கழற்றினோம். கணக்குப் பார்க்கும் அம்மாதான் அங்கே மூத்தவர், ஆனால் சம்பவத்தை முதலில் கேட்டவரே அவர் என்பதால் சாட்சியாகிவிட்டார். அதே முதலாளியின் இன்னொரு கிளையில் 12 வருஷமாக இருக்கும் பெண் அலுவலரைத் தலைவராக்கினோம். போலீசுக்குப் போக விருப்பமா என்று முதல் நாளே அந்தப் பெண்ணிடம் கேட்டோம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் துன்புறுத்தலுக்கான 75ஆம் பிரிவு இருக்கிறது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும், கமிட்டி நடப்பதால் அந்தக் கதவு அடைபடாது, பின்னாலும் போகலாம் என்று விளக்கினோம். இப்போது வேண்டாம் என்றார். வேறென்ன வேண்டும்? “என் சீட்டுல திரும்ப உட்காரணும். அவர் அந்தப் பக்கம் வரக் கூடாது.” அதையே எழுதி வாங்கிப் பரிந்துரைத்தோம். சூப்பர்வைசரை ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த கிடங்குக்கு அனுப்ப முதலாளிக்கு ஒன்பது நாள் ஆனது.

சூப்பர்வைசர் முதல் அமர்வுக்கு வக்கீலோடு வந்தார். விதியில் இடமில்லை என்று வக்கீலை டீ கொடுத்து அனுப்பிவைத்தோம். புகாரின் நகலும் சீட்டுகளின் நகலும் அவருக்கு ஏற்கெனவே போயிருந்தன. பதில் தர 10 வேலை நாள். தங்கச்சி மாதிரி நினைத்தேன், வேலையில் தப்புக் கண்டுபிடித்துத் திட்டினேன், அந்தக் கோபம் என்று எழுதியிருந்தார். இருவரையும் நேருக்கு நேர் உட்கார வைக்கவில்லை. அவர் கேட்க விரும்பிய கேள்விகளை எழுதி வாங்கி, தலைவர் கேட்டார்.

சாட்சிகளிடம்தான் திண்டாடினோம். “ஒரு மாதிரி நடந்துக்குவாருங்க.” “தப்பா நடந்துக்கிட்டாரு.” அதற்குமேல் யாரும் போகவில்லை. பண்ணையார்கள் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகச் சங்கம் கட்டிய மண் இது. கூலிப் போராட்டத்துக்காக 1968இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் கொடுத்த மண். கூலி நெல்லில் ஒரு படி குறைந்தால் பெயர் சொல்லிக் கேட்கத் தெரிந்த பெண்களுக்கு, இதைச் சொல்ல மட்டும் ‘ஒரு மாதிரி’ என்ற ஒரே சொல்தான் கைவசம். எப்படி என்றால் எப்படி, எங்கே நின்றார், கதவு எப்படி இருந்தது, நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று பொறுமையாகக் கேட்டால்தான் ஒவ்வொன்றாக வந்தது. கேமராப் பதிவு கையில் இருந்திருந்தால் இதில் பாதியைக் கேட்டிருக்க மாட்டோம்.

எடைமேடைக்கு ஏன் உள்ளே போனீர்கள் என்றதற்கு சூப்பர்வைசர் சொன்ன காரணம்: தப்பாக அடித்த சீட்டைத் திருத்தி வாங்க. கேட்கச் சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கு அமர்வு முடிந்து வேனுக்குக் காத்திருந்தபோது அக்கா என்னிடம் வந்து, “திருத்துன சீட்டுன்னா மிசினு தனியா எழுதுமே டீச்சர்” என்றார். மறுநாள் மென்பொருள் பதிவை எடுத்தோம். அந்த 14 நாட்களில் மறுபிரதி அடித்தது இரண்டே நாள். மீதி 12 நாளில் திருத்த ஒன்றுமே இல்லை. ‘கதவு’ என்று எழுதிய இரண்டு சீட்டுக்கும் அடுத்த சீட்டு 40 நிமிஷம் கழித்துத்தான் விழுந்திருந்தது. சம்பா சீசனில், லாரி வரிசை ரோடு வரை நிற்கும் நேரத்தில், 40 நிமிஷம் எடைமேடை சும்மா இருக்காது. ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு டிரைவர் ஒருவர் ஜன்னலைத் தட்டியதை வாட்ச்மேன் நினைவுபடுத்திச் சொன்னார்.

புகாரில் இன்னொன்றும் இருந்தது. மார்ச் 2 அன்று ஆலை வேனில் முன்சீட்டில் உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்தார் என்று. வேன் ஆலைக்கு வெளியே, அது எங்கள் பொறுப்பில்லை என்றார் முதலாளி. முதலாளி ஏற்பாடு செய்யும் வண்டியும் பணியிடம்தான் என்று சட்டத்தில் இருக்கிறது. அதைக் காட்டினோம். ஆனால் அந்தத் தேதியில் வேன் ஒர்க்‌ஷாப்பில் நின்றிருந்தது. தேதி மாறியிருக்கலாம், ஆனாலும் மெய்ப்பிக்கப்படவில்லை என்றே எழுதினோம். உடனே “பொய்ப் புகார்னு போடுங்க” என்றார் சூப்பர்வைசர். மெய்ப்பிக்க முடியாமல் போவது வேறு, தெரிந்தே கெட்ட எண்ணத்தில் பொய் சொல்வது வேறு. 14ஆம் பிரிவு இரண்டாவதைத்தான் தண்டிக்கிறது.

புகார் வந்து 77ஆம் நாள் விசாரணை முடிந்தது, கெடு 90. வேன் தவிர மற்றவை மெய்ப்பிக்கப்பட்டன என்று எழுதினோம். வேலை நீக்கம், அந்தப் பெண்ணுக்கு இழந்த சம்பளத்தோடு 60,000 ரூபாய் இழப்பீடு, அதை சூப்பர்வைசருக்குச் சேர வேண்டிய தொகையில் பிடிப்பது, முன்பணத்தை இதோடு முடிச்சுப் போடாமல் இருப்பது. அறிக்கை கிடைத்து 60 நாளுக்குள் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 58ஆம் நாள், தீபாவளிக்கு முன், எடுத்தார். சூப்பர்வைசர் இப்போது அதே குடும்பத்தின் உரக்கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே வேலை பார்ப்பது நாலு பேர், இரண்டு பேர் பெண்கள். பத்துக்குக் குறைவான இடங்களிலிருந்தும், முதலாளி மேலேயே வரும் புகார்களையும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு விசாரிக்க வேண்டும். தாலுகாவில் புகார் வாங்குபவர் ஏழு நாளில் அதை அங்கே சேர்க்க வேண்டும். எல்லா மாவட்டத்திலும் இது நடைமுறையில் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் கெடு வைத்து உத்தரவிட்டது. அந்த இரண்டு பெண்களிடமும் மாவட்ட சமூக நல அலுவலகத்துக்கு வழி சொல்லி, பெண்கள் உதவி எண்ணான 181ஐயும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.

எடைமேடைக் கதவில் இப்போது மேல்பாதி கண்ணாடி. உள்தாழ் கிடையாது. கேமராப் பதிவு 60 நாள் நிற்கிறது. அந்தப் பெண் எட்டு மாதம் அதே நாற்காலியில் வேலை பார்த்துவிட்டுத் தஞ்சாவூரில் வேறு வேலைக்குப் போய்விட்டார். போகும்போது ஊசியை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தாராம். அக்கா அதிலேயே சாக்குத் தைக்கிறார்.

குழுவின் மூன்று வருஷக் காலம் வரும் ஐப்பசியோடு முடிகிறது. புதிய குழுவுக்கான பட்டியலை மகன் அனுப்பியிருக்கிறார். தலைவர் சரி, ஆபீஸ் ஆட்கள் இருவர், வெளி உறுப்பினர் நான். பேக்கிங் ஷெட்டிலிருந்து ஒருவர்கூட இல்லை. அக்கா பெயரை ஏன் போடவில்லை என்று கேட்டேன். “அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே டீச்சர்” என்றார். கையெழுத்துப் போடாமல் பட்டியலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.